மூக்குக்கு வைத்த பொட்டு

பொட்டு வைக்கப் படிப்பு வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. வேண்டும்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தேன். அங்கே லலிதா மேடம் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் சில்லு செய்துகொண்டிருந்தார். நகம் அளவுதான். மேலே டின் ஆக்சைடு பூச்சு. சூடேற்றி வைத்தால், விஷவாயு பட்டதும் மீட்டரில் முள் நகரும். ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். ரவை கொட்டின மாதிரி இருந்தது. அந்த மணிகளுக்கு நடுவில் வாயு நுழையுமாம்.

"இது மூக்குண்ணா" என்றார். (தும்முமா என்று கேட்டேன். மேடம் மைக்ரோஸ்கோப் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

எட்டு மாத உழைப்பு. ஆயுத பூஜை லீவு முடிந்த அன்று டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். சில்லு வேலை செய்யாவிட்டால் மேடத்தின் ஆராய்ச்சி அதோடு நின்றுவிடும்.

லீவுக்கு முந்தின சாயங்காலம் பூஜை என் பொறுப்பு. உலை, பம்பு, மைக்ரோஸ்கோப், சுத்தியல், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கண்ணாடி மூடிக்குள் சில்லு மட்டும் வெறுமனே இருந்தது. மனசு கேட்கவில்லை. மூடியைத் தூக்கி, ஈர்க்குச்சியால் துளி சந்தனம் வைத்தேன். குங்குமத்துக்கு இடமில்லை. (ஒரு பொட்டுகூடச் சிதறவில்லை. அதில் பெருமை வேறு.)

டெல்லிக்காரர்கள் வந்தார்கள். மேடம் சில்லைச் சூடேற்றினார். அறை முழுக்கக் கோயில் வாசனை. முள் கடைசிவரை ஓடி நின்றது.

வந்தவர்களில் ஒருவர் தமிழர். "இன்னும் கேஸ் சிலிண்டரே திறக்கலையேம்மா. இது எதைக் கண்டுபிடிச்சுது?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, இதைத் தொட்டேளா?"

"பொட்டு வச்சேம்மா."

"எதுக்கு?"

"அது மட்டும் இன்னாம்மா பாவம் பண்ணுச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தமிழர்தான் மீட்டரைக் குனிந்து பார்த்தார். "சந்தனத்துக்கே இந்த ஓட்டம் ஓடுதே. மூணு மாசம் தரோம். இன்னொண்ணு பண்ணுங்க."

மேடம் முதலிலிருந்து செய்தார். நான் உலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரையும் கிட்டே விடவில்லை. (என்னையும் சேர்த்து.) மூன்று மாதம் கழித்து முள் சரியாக நகர்ந்தது. அன்றுதான் மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மந்தைவெளி வீட்டுக்கு வந்து, நடந்ததை அப்போதுதான் சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்கு மேல போயி எவனாச்சும் பொட்டு வைப்பானாய்யா?"

இன்றும் ஆயுத பூஜையில் நான் சந்தனக் கிண்ணத்தோடு மிக்ஸி பக்கம் போனால் மகள் கையை நீட்டி மறிப்பாள்.

"நைனா, இதுக்கு மூக்கு கீதா?"

பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.