முகமூடிக்காக எடுத்த மீசை

பர்மாவில், பசுந்தாங்குப் பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து கடலுக்கு அடியில் போய் வந்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், முடிந்ததில்லை. ஆனால் அந்தப் பெருமை தொடங்கிய நாளில்தான் எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்கக் கூட்டம் கூடியது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். (நான் விட்டாலும் என் மனைவி விடமாட்டாள்.)

அப்போது நகரத்தின் நடுவே கியாக்டடாவில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் எனக்கு வேலை. தெற்கே தீவு விடுதிகளில் ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறவர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பேன். "கீழே எப்படி இருக்கும்?" என்று கேட்டால், அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி மீன்களை வர்ணிப்பேன். உண்மையில் நான் பார்த்த பெரிய மீன்களெல்லாம் லத்தா சந்தையில் ஐஸ் மேல் படுத்திருந்தவை. ஒரு நாள் முதலாளி, ஹோட்டல் நீச்சல் குளத்தில் நடக்கும் பயிற்சியில் தேறினால் அடுத்த குழுவோடு என்னையே தீவுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை குளத்தில் இறங்கினேன். பயிற்சி கொடுத்தவர் கோ ஜோ என்ற பர்மியர். முதுகில் சிலிண்டர், வாயில் காற்றுக் குழாய், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி. தலையை உள்ளே விட்டதும் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. மேலே வந்து இருமித் தீர்த்துவிட்டு மறுபடி இறங்கினேன். மறுபடி தண்ணீர். அவர் பட்டையை இறுக்கினார், வாஸ்லின் தடவினார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் என் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினார்.

"தண்ணி உன் மீசை வழியாத்தான் உள்ள வருது."

அது சாதாரண மீசை அல்ல. அரும்பிய நாளிலிருந்து எண்ணெய் போட்டு வளர்த்தது. என் முகத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது அது ஒன்றுதான்.

"எடுத்துட்டா நிக்குமா, சயா?"

"நிக்கும். யபாதே! பரவாயில்ல, மறுபடி வளரும்."

(நாங்கள் பேசியது பர்மிய மொழியில். சயா என்றால் வாத்தியார். வளரும் என்று அவர் சொன்னது சரிதான். அது வளர்வதற்குள் என்னென்ன நடக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?)

உடை மாற்றும் அறையில் ஹோட்டல்காரர்கள் வைத்திருந்த ரேஸரால் வழித்துவிட்டு வந்து, குளத்தின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தலைக்கு மேலே வெயில் ஆடியது. என் மூச்சு குமிழ் குமிழாக மேலே போனது. இத்தனை நாள் நான் அளந்துவிட்ட கதைகளில் ஒன்றாவது உண்மையாகிக்கொண்டிருந்தது. தேறிவிட்டேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தலை ஈரம். குளத்து மருந்தில் கண்கள் சிவந்திருந்தன. தோளில் துண்டு. மீசை இல்லை. வீட்டிலோ அப்பா ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்து மாடியை விட்டு இறங்கவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்த வீராச்சாமி மாமாவுக்கு இருந்தது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நின்று காரியங்களை நடத்துகிறவர் அவர்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதார். அதற்குள் செய்தி எட்டிவிட்டதா என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

"அழாதீங்க மாமா, எல்லாருக்கும் ஒரு நாள் வாய்க்கும்" என்றேன்.

அவர் இன்னும் சத்தமாக அழுதார். "ஒக்காரு தம்பி, டீ குடி. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? எல்லாத்தையும் பாத்துக்கறோம்."

பாராட்டு விழாவே நடத்தப் போகிறார்கள் என்று நினைத்தபடி டீயை உறிஞ்சினேன். ஒவ்வொருவராக ஆட்கள் சேர்ந்தார்கள். யாரோ ஒரு ரோஜா மாலையை வாங்கி வந்து மாமா கையில் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று கழுத்தை நீட்டினேன். மாலை என்னைத் தாண்டி எங்கள் வீட்டை நோக்கிப் போனது. ஒன்றும் புரியாமல் பின்னாலேயே நடந்தேன்.

சத்தம் கேட்டு அப்பா பால்கனிக்கு வந்தார். சாமான் இழுக்கத் தொங்கவிட்டிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன வீராச்சாமி, மாலையும் கையுமா? யாரு தவறிட்டா?"

மாமா மேலே பார்த்தார், என் மேலுதட்டைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். அப்பாவின் கண்ணும் என் முகத்துக்கு வந்தது. அப்பா போனால்தான் பிள்ளை மீசையை எடுப்பான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடப்பாவி! நான் இன்னும் இங்கதாண்டா இருக்கேன்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். முகமூடி, சிலிண்டர், குளம் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். முழுதும் கேட்டார்.

"தண்ணிக்கு அடியில ஒக்காந்தியா? பயமா இல்லியா?"

"இல்லப்பா."

அப்பா, மாமாவின் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினார். "இன்னும் யாருக்கும் போடல, புதுசுதான்" என்று என் கழுத்தில் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "என் மவன் தண்ணிக்கு அடியில போயி மூச்சு விட்டுட்டு வந்திருக்கான். தெரிஞ்சுக்குங்க."

பரீட்சையில் தேறியபோதும் வேலை கிடைத்தபோதும் கேட்காத குரல் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத் தலையும் சிவந்த கண்ணும் ஏற்கெனவே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

தீவுக்குப் போனேன். அதன் பிறகும் பலமுறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் மீசையைத் தியாகம் செய்தாக வேண்டும். நான் கிளம்பும் நாளில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். "மவன் மீசை எடுக்கப் போறான். நல்லாப் பாத்துக்க வீராச்சாமி, நான் இருக்கேன்" என்று அறிவிப்பார். கடையே சிரிக்கும்.

நானும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தீவு விடுதியில் கண்ணாடி முன்னால் ரேஸரோடு நின்று முதலில் வீட்டுக்குப் போன் போடுவேன்.

"அப்பா, எடுக்கவா?"

"எடு, எடு. நான் எங்கயும் போகல."

அதைக் காதால் கேட்ட பிறகுதான் மீசையில் கை வைப்பேன்.