ஜெய்சன் அண்ணனின் பென்டிரைவ் கோயில் திருவிழாவுக்குப் போனது

பாசமுள்ள ஜெய்சன் அண்ணனுக்கு,

நம் காரோடு ஊரிலிருந்து டெல்னா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இதைப் படித்த பிறகும் நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஃபோனில் அனுப்பினால் அப்பா பார்த்துவிடுவார் என்று போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

உங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் பென்டிரைவில் தந்து, "பத்து தடவ கேட்டுட்டு அபிப்பிராயம் சொல்லு மக்கா, அடுத்த மாசம் வெளியிடுதது வர வேற ஒருத்தரும் கேக்கப்பிடாது" என்றீர்கள் அல்லவா? நான் அப்பா திருவிழாக்களுக்குப் போடுகிற மைக் செட்டில் மெதுவாக வைத்துக் கேட்டேன், அதற்காக அப்பாவின் மாதா பாட்டுப் பென்டிரைவைக் கழற்றி ஸ்கூல் பையில் போட்டேன், உங்களுடையதைத் திரும்ப எடுக்க மறந்தேன், விடிந்தால் மாதா கோயில் கொடியேற்றம், செட் அதோடு அங்கே போய்விட்டது. அப்பா பாட்டுப் போட்டார், முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது, செட் கெட்டுவிட்டது என்று பெட்டியைப் பிரித்தார், தென்னையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைத் தட்டினார். கீழே பூ விற்கிற கிருஷ்ணம்மா அக்கா, "நிக்கோலஸே, இது பாட்டா, கரண்டு மூச்சு விடுதா?" என்றார். "பாடுனவனுக்கு ஜலதோசமாக்கும்" என்றார் அப்பா. பழைய பெட்டியில் ஃபோன் இணையாது. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று நான் வாய் திறக்கவில்லை. பத்து நாளும் அதே ஒன்பது பாட்டு.

தமிழா மலையாளமா என்றே இரண்டு நாள் தர்க்கம். ஐந்தாம் நாள் கிருஷ்ணம்மா அக்காவின் கை இரண்டாம் பாட்டின் தாளத்தில் பூக்கட்டியது. ஏழாம் நாள் யாரோ வேறு பென்டிரைவ் செருகியதும், "அந்தப் பம்முத பாட்டு எங்க?" என்று ஊரார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எனக்கும் நாலு தடவை ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாவதில்தான், நாலாம் பாட்டில் கிட்டாருக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதும், நீங்கள் பாடுமுன் மூச்சு இழுப்பதும் கேட்டது. இப்போது அந்த மூச்சுக்காகவே காத்திருக்கிறேன். கிறீச்சு சத்தத்துக்காக ஸ்பீக்கர் ஆணிக்கு எண்ணெய் விட்ட அப்பாகூட, அது வரும்போது தலையாட்டுகிறார்.

மன்னியுங்கள் அண்ணே. ஆனால் பயம் வேண்டாம். அது உங்கள் பாட்டென்று ஒருவருக்கும் தெரியாது. ரகசியம் பத்திரமாக உண்டு.

மாதா உங்கள் கிட்டார் கம்பிகளையும் காக்கட்டும்.

பயத்தோடும் நிறைய சந்தோஷத்தோடும்,
தங்கச்சி டெல்னா

பி.கு.: ஒருவருக்கும் தெரியாததால், ஒன்பதும் தன்னுடைய பாட்டு என்று பாடகர் குழு ஞானசிகாமணி சார் இன்று நிறைவுப் பூசையில் அறிவித்துவிட்டார். குரல் வேறாக இருக்கிறதே என்றதற்கு, ஜலதோஷத்தில் பாடியது என்றார். பொன்னாடை போர்த்தியது உங்கள் அம்மா சிசிலி பெரியம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம் மவனும் கிட்டாரத் தூக்கிட்டு பெங்களூர்ல கெடக்கான். இதுபோல ஒரு பாட்டு அவனுக்குப் போடப்பிடாதா?"