கரம்பொன்னில் ஒரு டேற்றன்வாசி

உடம்பை ஓரிடத்திலும் வாயை வேறோரிடத்திலும் குடிவைத்திருக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை அவர்களை அங்கத்தைக்காரர் என்று அழைப்போம். இந்த இனத்தவர் உண்பது இங்கே, உறங்குவது இங்கே, சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்ப்பது இங்கே. வாயைத் திறந்தால் மட்டும் அங்கே. அங்கே என்றால் எங்கே? மகன் போயிருக்கும் ரொறன்ரோவாக இருக்கலாம், தங்கை குடும்பம் இருக்கும் பேர்லினாக இருக்கலாம், பெறாமகன் போய் இறங்கிய ஏதோவொரு நோர்வே மீன்பிடிக் கிராமமாகக்கூட இருக்கலாம். அந்த ஊரில் எந்தச் சந்தியில் பஸ் ஏறவேண்டும், எந்தக் கடையில் மரக்கறி மலிவு, நகரபிதா எந்தக் கட்சி, எல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஒரேயொரு குறை. அங்கே போனதில்லை. போயிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

நல்லதொரு மாதிரிக்கு, ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொன் கிராமத்துச் சோமாஸ்கந்தனை எடுத்துக்கொள்வோம். பிரதேச சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகள் பவதாரணி கல்யாணம் முடித்து, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேற்றன் என்னும் நகரத்துக்குப் போனாள். போன புதிதில் அவரும் மற்றத் தகப்பன்மாரைப்போல "மகள் அமெரிக்காவிலை" என்றுதான் சொல்லித் திரிந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, கைத்தொலைபேசியில் அந்த ஊரின் பெயரைத் தட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் கரம்பொன்னுக்குச் சனி பிடித்தது.

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ரஜீபன்தான் முதலில் அகப்பட்டான். பாவம், அவன் செய்ததெல்லாம் ஒரு சோடா டின்னைத் திறந்ததுதான்.

"ரஜீபன், உந்த வளையத்தை இழுத்துத் திறக்கிறியே, உது ஆர் கண்டுபிடிச்சது தெரியுமே?"

"சோடாக் கொம்பனிக்காரனாக்கும் அண்ணை."

"இல்லை. டேற்றன்காரன். பிக்னிக் போன இடத்திலை டின் திறக்கிற சாமான் இல்லை. காரிலை கொளுவித் திறந்துபோட்டு, வீட்டை வந்து இருந்து யோசிச்சவன்."

"எங்கட ஆக்கள் எண்டால் பல்லாலை திறந்துபோட்டு யோசிக்காமல் படுத்திருப்பினம்."

"அதுதான் வித்தியாசம். உன்ரை காசு போடுற மேசை லாச்சியைப் பார். சும்மா மரம். மணியடிச்சுத் திறக்கிற காசு மெஷின் எங்கை வந்தது? டேற்றனிலை. சாராயத் தவறணை வைச்சிருந்த ஒருத்தன், வேலைக்கு நிண்டவங்கள் களவெடுக்கிறாங்கள் எண்டு செய்வித்தது."

"என்ரை லாச்சியிலை களவெடுக்க வாறவன் பாவப்பட்டு ஏதும் வைச்சிட்டுப் போவான் அண்ணை," என்றான் ரஜீபன்.

இத்தோடு விட்டாரா? விடுவாரா? ரஜீபன் மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பினால், காரை முன்னால் நின்று கம்பியால் சுற்றாமல் உள்ளே இருந்தபடியே கிளப்பும் வித்தை எந்த நகரத்தில் பிறந்தது என்று சொல்லி முடிக்கும்வரை அவனுடைய மோட்டார்சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் மணிமண்டபத்துக்கு வெள்ளையடித்தவன் ஏணியில் நின்றால் மடிக்கும் ஏணியின் வரலாற்றைக் கீழே நின்று சொன்னார். வானத்தில் விமானம் இரைந்தால் அண்ணாந்து பார்த்து, "எங்கட ஆக்கள்," என்றார். எங்கட ஆக்கள் என்றால் ரைட் சகோதரர்கள். டேற்றனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். சைக்கிள் கடை வைத்திருந்த இன்னும் எத்தனையோ பேர் கரம்பொன்னிலும் உண்டு. அவர்கள் பறக்கவில்லை. அந்தக் குற்றத்தையும் அவர்களுக்கு நேரிலே எடுத்துச் சொன்னார்.

உச்சம் ஊர் உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் வந்தது. பொடியள் சேற்றில் விழுந்து எழும்பி விளையாடிக்கொண்டிருக்க, கரையில் நின்ற சோமாஸ்கந்தன் பக்கத்தில் நின்றவருக்கு, டேற்றனில் மூன்று தொழிற்சாலைக்காரர் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்ததையும், இன்று அமெரிக்காவே வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பார்க்கும் அவர்களின் பெரிய உதைபந்தாட்டத் தொடரின் முதல் ஆட்டம் அந்த ஊர் மைதானத்தில்தான் நடந்தது என்பதையும் விளக்கினார். "அந்த ஆட்டத்திலை பந்தைக் கையிலை தூக்கிக்கொண்டுதான் ஓடுறது," என்று அவர் சொல்லும்போது கரம்பொன் அணி கோல் அடித்தது. பக்கத்தில் நின்றவர் அதைக் காணவில்லை. அவர் பிறகு எந்தப் போட்டிக்கும் சோமாஸ்கந்தன் இருக்கும் பக்கம் வந்ததில்லை.

மனைவி பத்மாசனிக்கும் டேற்றனைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். அங்கே நல்ல கறிவேப்பிலை கிடைக்காது. அங்கே அவளுடைய பிள்ளை தனிய இருக்கிறாள்.

பவதாரணி பிள்ளைத்தாச்சியானாள். "அம்மா, அப்பா, ரண்டு பேரும் வாங்கோ," என்று தொலைபேசியில் அழுதாள். சோமாஸ்கந்தன் அன்றைக்கு டேற்றனின் பெருமை ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்க ஒரு சால்வை வாங்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். மெல்லிய பருத்தி, வெள்ளை, கரை வேண்டாம், கரை குத்தும்.

விசாவுக்கு நேர்முகம். கொழும்புக்குப் போனார்கள். கண்ணாடிக்கு அப்பால் இளம் அதிகாரி ஒருவர், பக்கத்தில் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண். முதலில் பத்மாசனியிடம் கேட்டார்கள்: எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள்?

"மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. பத்தியம் காய்ச்சிக் குடுக்கவேணும். பிள்ளைக்குக் கழுத்து நிண்டாப் பிறகு நான் வந்திடுவன். அங்கை கனநாள் நிக்க ஏலாது தங்கச்சி. என்ரை மாடு சிவலை கன்று போட்டிருக்கும். அது என்னைத் தவிர ஆரையும் மடியிலை கை வைக்க விடாது. இவர் போனால் உதைக்கும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னாள், உதை உட்பட. அதிகாரியும் சிரித்தார்.

பிறகு சோமாஸ்கந்தன். அவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பிரதேச சபை ஆங்கிலம் கைவசம் இருந்தது. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், இத்தனை மாதம் கரம்பொன்னில் விதைத்ததெல்லாம் முளைத்து அந்தக் கண்ணாடிக்கு முன்னால் விளைந்தது. காசு மெஷின் வந்தது, சோடா டின் வந்தது, உள்ளே இருந்து கிளப்பும் கார் வந்தது. கடைசியாக விமானமும் வந்தது.

"முதல் விமானம் பறந்தது எங்கள் வட கரோலினாவில், ஐயா," என்றார் அதிகாரி, சிநேகமாகத்தான். அது அவர் பிறந்த மாநிலம்.

வேறு யாராக இருந்தாலும் அவ்விடத்தில் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அங்கத்தைக்காரர் தலையாட்டுவாரா?

"மன்னிக்கவேண்டும். உங்களிடம் இருந்தது காற்றும் மணலும். விமானத்தைச் செய்தது டேற்றனில்."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். பிறகு கேட்டார்: "உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?"

வீட்டுக்கு வந்தவர்களிடம் "எங்கட சின்ன வீடு, வசதி குறைவு" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போடுவோமே, அந்த மரியாதையில்தான் சோமாஸ்கந்தன் சொன்னார்: "ஒன்றும் இல்லை. சின்னத் தீவு. கடல், பனை. பார்க்க ஒன்றும் இல்லை."

பத்மாசனிக்கு விசா கிடைத்தது. அவருக்கு இல்லை. போனால் திரும்பி வருவார் என்று நம்புவதற்கு ஊரோடு போதிய பிணைப்பு எதையும் அவர் காட்டவில்லை என்று அமைதியாகச் சொன்னார்கள். டேற்றனோடு இருந்த பிணைப்பை மட்டும் நன்றாகக் காட்டியிருந்தார்.

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள்.

"இஞ்சருங்கோ," என்றாள் பத்மாசனி, "ஒரு மாடு நிக்குது எண்டாவது சொல்லியிருக்கலாமே."

"மாடு உம்மடை எல்லோ."

"ஓம். எனக்கு மாடு நிக்குது. உங்களுக்கு நான் நிண்டனான். அதையும் சொல்லேல்லை."

அவள் பயணம் வெளிக்கிட்ட அன்று அவர், பேரப்பிள்ளைக்கென்று வாங்கிய சால்வையை அவள் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

பேரன் பிறந்தான். கைத்தொலைபேசியின் சின்னக் கண்ணாடிக்குள் சிவந்த முகம் ஒன்று கொட்டாவி விட்டது. சோமாஸ்கந்தன் அதைப் படமாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ரஜீபன் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

"காது உங்கடை காதுதான் அண்ணை. டேற்றனிலை பிறந்த பெடியன், என்ன கண்டுபிடிக்கப்போறானோ?"

"எனக்கு அவன் ஒண்டும் கண்டுபிடிக்க வேண்டாமடா," என்றார். "ஒருக்காத் தூக்கினால் போதும்." சீனி போடாத தேத்தண்ணியைச் சீனி இல்லை என்று சொல்லாமலே குடித்துவிட்டுப் போனார். ரஜீபனுக்கே பயம் வந்துவிட்டது.

பயப்பட்டிருக்கத் தேவையில்லை. இரண்டாம் முறை விண்ணப்பிப்பது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். ஊரில் என்ன இருக்கிறது என்று இனி எவனும் கேட்கட்டும்! மறுநாளே ஊர்காவற்றுறை இறங்குதுறையில் போய் நின்று, பிறந்த நாள் முதல் கண்ணுக்கு முன்னால் கடலுக்குள் இருந்துகொண்டிருக்கும் கடற்கோட்டையை முதன்முதலாகப் பார்த்தார். போர்த்துக்கேயர் கட்டியதா, ஒல்லாந்தர் கட்டியதா? இரண்டு பேரும்தான் என்று தெரிந்தபோது யாரோ புதையல் தந்ததுபோல இருந்தது. பாய்க்கப்பல்கள் வந்து நின்ற காலத்தை விசாரித்தார். தெற்கே போய்க் கடை வைத்த தீவுக்காரர் எந்தெந்த ஊரில் வைத்தார்கள் என்று வீடுவீடாகக் கேட்டார். உதைபந்தாட்ட அணியில் யார் பின்னுக்கு, யார் முன்னுக்கு என்று கேட்டுப் பயிற்சிக்கு நடுவில் மைதானத்துக்குள் இறங்கினார். பொடியள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரான வேலணைப் பக்கம் போய் விளையாடத் தொடங்கினார்கள்.

"உனக்கு எங்கட கோட்டையைப் பற்றித் தெரியுமே?" என்றார் ரஜீபனிடம்.

"அண்ணை," என்றான் ரஜீபன், "டேற்றன் எண்டால் தூரத்திலை கிடக்கு, பறவாயில்லை. கோட்டை எண்டால் நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவியள்."

கூட்டிக்கொண்டும் போனார்.

பேரனுக்குக் கழுத்து நின்றது. பத்மாசனி, சொன்னபடி திரும்பி வந்தாள். டேற்றன் எப்படி என்று கேட்க அயலெல்லாம் வந்து கூடியது. "குளிர். குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வரும். பிள்ளை நல்லாப் பால் குடிக்கிறான்," என்று சொல்லிவிட்டு அவள் சிவலையிடம் போய்விட்டாள். மிச்ச டேற்றனை, வந்தவர்கள் எழும்பிப் போகும்வரை, சோமாஸ்கந்தன் சொன்னார்.

அடுத்த முறை கண்ணாடிக்கு அப்பால் ஓர் அம்மையார் இருந்தார். சோமாஸ்கந்தன் கோட்டையும் கப்பலும் கடைகளும் உதைபந்தாட்டமுமாக நிறைந்து நின்றார். வாய் திறந்தால் அணை உடைந்துவிடும். அம்மையார் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"உங்கள் மனைவி சொன்ன காலத்துக்குள் திரும்பி வந்தாரா?"

"வந்துவிட்டார். ஏனென்றால் எங்கள் ஊரில் போர்த்துக்கேயர் காலத்தில்..."

"விசா தருகிறோம். போய்வாருங்கள்."

"அம்மணி, அந்தக் கோட்டை..."

மொழிபெயர்க்கும் பெண் கையால் கதவைக் காட்டினாள்.

டேற்றனில் பவதாரணி கதவைத் திறந்தபோது பேரன் அவள் இடுப்பில் இருந்தான். சோமாஸ்கந்தன் சப்பாத்தைக் கழற்றவும் மறந்து கையை நீட்டினார். பெடியன் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தான். தாத்தா அப்படியே நின்றார். வெகு நேரம் அவர் ஒன்றுமே பேசாதது கண்டு, விமானப் பயணத்தில் ஏதும் உடம்பு வருத்தமோ என்று மருமகன் தண்ணீர் கொண்டுவந்தான்.

வருத்தம் ஒன்றும் இல்லை என்பது அடுத்த கிழமை தெரிந்தது. அந்த ஊர்த் தமிழர் ஒரு பிறந்தநாளுக்குக் கூடியிருந்தார்கள். சோமாஸ்கந்தன் நடுவிலிருந்த கதிரையில் இருந்துகொண்டு கடற்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். போர்த்துக்கேயர் கட்டி முடித்து ஒல்லாந்தர் வந்து இறங்கும்போது கேக் வெட்டி முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி நல்லவள். இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டாள். மூன்றாம் நாள் தொடக்கம் குப்பை வாளியை இருட்டியபிறகுதான் வெளியில் வைக்கிறாள்.

"அப்பா, வெளிக்கிடுங்கோ. அந்தச் சைக்கிள் கடையைப் பாத்திட்டு வருவம். இவ்வளவு காலமும் அதைத்தானே சொன்னனீங்கள்," என்றாள் பவதாரணி.

"அது எங்கை போகப்போகுது பிள்ளை? இரு, ரஜீபனோடை கதைக்கிறன். இண்டைக்கு மட்ச் எல்லோ."

இந்த இனம் திருந்தாது. இடம் மாறும், அவ்வளவுதான்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைத்தொலைபேசியை எடுத்து, வானிலை காட்டும் இடத்தைத் திறவுங்கள். முதலாவதாக நிற்பது எந்த ஊர்? லண்டனா? மெல்பேர்னா? அங்கே இன்றைக்கு வெயிலா, குளிரா, பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனார்களா என்று ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தாயிற்றா? இனி ஒருக்கால் எழும்பி முற்றத்துக்கு வாருங்கள். நீங்கள் காலையில் கொடியில் போட்ட உடுப்பெல்லாம் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.