ஒரு பீஸ் குறையுதுங்க

திருப்பூரில் துணியை வெட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இங்கிலீஷை வெட்டியவர் ஒருவர்தான். நெருப்பெரிச்சல் பகுதியில், வெளிநாட்டு பையர்களோடு பேசி ஆர்டர் வாங்கும் மெர்ச்சண்டைசராக நான் இருக்கும் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நீளமான இங்கிலீஷ் வார்த்தை எது காதில் விழுந்தாலும் சாக்பீஸால் கட்டிங் டேபிளில் எழுதி, நடுநடுவே கோடு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் டேபிளை ஒரு தட்டு தட்டிப் படிப்பார். அந்தத் துண்டுக்கு இங்கிலீஷில் 'சிலபிள்' என்று பெயர். அவர் வாயில் அது 'சிலபல்'. டெய்லர்கள் வாயில் அவரே 'சில பல மாஸ்டர்' ஆகிவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"முழுத் துணிய அப்படியே மெசின்ல உட்டா பனியன் ஆயிருங்களா? வெட்டித்தானுங்க தைக்கோணும். வார்த்தையும் அப்படித்தானுங்க."

அவர் சொன்னது சரியாகவும் இருந்ததுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

தீ விபத்து ஒத்திகை அன்று மணி அடித்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். முன்னால் ஓடிய பீகார் டெய்லர் அவசரத்தில் "இமர்சி, இமர்சி" என்று கத்திவிட்டான். மாஸ்டர் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஒரு பீஸ் குறையுது கண்ணு. எ, மர், ஜென், சி. சொல்லிட்டுப் போ."

அவன் சொல்லி முடிக்கும்வரை நூறு பேர் பின்னால் முட்டிக்கொண்டு நின்றோம். நிஜத் தீயாக இருந்திருந்தால் சுத்தமான உச்சரிப்போடு வெந்திருப்போம்.

அதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த வீடியோ காலைத்தான் மன்னிக்க முடியவில்லை. டி-சர்ட்டின் கழுத்து சரியில்லை என்று இரண்டு முறை சாம்பிளைத் தள்ளிவிட்ட, பையரான வெளிநாட்டு அம்மா, மூன்றாவது சாம்பிளைக் கையில் வைத்திருந்தார். இதுவும் போனால் ஆர்டர் போகும். பின்னாலேயே என் வேலையும் போகும். அவர் கழுத்தை இழுத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "கம்ஃப்டபிள்," என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

என் முதுகுக்குப் பின்னால் கட்டிங் டேபிளில் தட்டுச் சத்தம். "ஒரு பீஸ் குறையுதுங்க."

'பீஸ்' மட்டும் அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சரக்கில் குறைவு என்று நினைத்து முகம் மாறியது. வேறு வழியில்லை. குறைவது துணியில் இல்லை மேடம், நீங்கள் சொன்ன வார்த்தையில் என்று நாக்குழற விளக்கினேன். மாஸ்டரை அங்கேயே துண்டு போடலாமா என்று இருந்தது.

பிறகு அந்தம்மா கேமரா பக்கம் குனிந்து, தன் மேஜையை நாலு தட்டு தட்டினார். "கம், ஃபர், ட, பிள்."

"இப்ப சரிங்க," என்றார் மாஸ்டர். எங்கள் சாம்பிளுக்கு அவர் ஓகே சொல்லும் முன்பே, அவருக்கு இவர் ஓகே சொல்லிவிட்டார். ஆர்டர் வந்தது.

போன மாதம் மாஸ்டர் முதலிபாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது மாஸ்டர் வாயே திறப்பதில்லை. வேலை மளமளவென்று நடக்கிறது. நேற்று அதே அம்மா வீடியோவில் வந்தார். மேஜையைத் தட்டி 'கம்ஃபர்டபிள்' என்பதை நாலு துண்டாகவே சொன்னார். சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

வார்த்தை முழுசாகத்தான் இருந்தது. எங்களுக்குத்தான் ஒரு பீஸ் குறைந்தது.