ஒன்பதாவது குழியில் நான் அடித்த பரம்பு

வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் முடிந்திருக்கும் காரியத்தை, கேட்கக் கூச்சப்பட்டுக் கெடுத்தவன் நான். ஐந்தாவதோடு நின்ற படிப்பைக் காரணம் சொல்வேன். (அஞ்சு வரை படித்தவனுக்கும் வாய் உண்டே என்பாள் மனைவி.)

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் மலையடிவாரத்தில் ஒன்பது குழிகளோடு கோல்ஃப் மைதானம் போட்டார். அமைத்துக் கொடுக்க வந்த பெரியவர் ஒரு காலத்தில் கோப்பை கோப்பையாக ஜெயித்த ஆட்டக்காரர். ஆட்டத்தை விட்ட பிறகு மைதானங்கள் அமைத்தே பெயர் வாங்கியவர். இதுதான் தன் கடைசி மைதானம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மண்ணடிக்கிற டிராக்டர் டிரைவர்.

எட்டுக் குழிகளைச் சுற்றியும் தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. பாவம், பெரியவருக்கு மட்டம் பார்க்க வரவில்லை என்று நினைத்தேன். கூமாப்பட்டியில் நான் பரம்படித்த வயலில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியதே கிடையாது. ஒன்பதாவதை அவர் மண்டி போட்டு, கையால் தடவித் தடவிப் பத்து நாள் செய்தார். மறுநாள் புல் நடவேண்டும் என்கிற நிலையில், காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைச் சேவிக்கப் போனார்.

அவர் திரும்புவதற்குள் பரம்படித்துச் சமமாக்கினேன். போதாதென்று சுற்றிலும் வரப்பும் வைத்தேன். பாராட்டுக்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன்.

பெரியவர் துளசியும் கையுமாக வந்தார். குனிந்து ஒரு பந்தை மெல்ல உருட்டினார். மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து வளைந்து போகவேண்டிய பந்து நேராகப் போய் நின்றது. எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்தார். இனி மண்டி போட அந்த முழங்காலுக்குத் தெம்பில்லை என்று அந்தப் பிடியில் தெரிந்தது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "என்னங்கய்யா, இது மட்டும் மொட்டையா இருக்கு?"

"நான்தான் சமமா அடிக்கச் சொன்னேன். ஆடி அலுத்து வர்றவங்களுக்குக் கடைசிக் குழி லேசா இருக்கட்டும்."

நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

முதலாளி போனதும் பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "வரப்பை மட்டும் எடுத்துடு தம்பி."

தொண்ணூறுகளில் அவர் காலமான பிறகு மைதானத்தில் அவர் படத்தைத் திறந்தார்கள். எட்டுக் குழிகளில் பெரியவரின் திறமை தெரிகிறது, ஒன்பதாவதில் அவர் மனசு தெரிகிறது என்று ஒரு ஆபீசர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்று நானும் தட்டினேன்.

இன்றைக்கும் வீட்டில் எதையாவது சரிசெய்யக் கை நீட்டினால் மனைவி தடுத்துவிடுவாள்.

"தொடாதிய. பழியை ஏத்துக்கிட இங்க அந்தப் பெரியவரு வரமாட்டாவ."

பிள்ளைகள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரிப்பேன்.