வண்ணார்பேட்டைக்கு குளோபாஸ்னெக் வேண்டாம்

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஷிபினுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து மாமா எலியேசர் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. நீங்களும் டார்லினும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம்.

போனில் பேசினால் டார்லின் நடுவில் பிடுங்கி, "அப்பா, முடிவு பண்ணியாச்சு" என்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம். டெக்சாஸ் வேலையை இரண்டு பேரும் விட்டுவிட்டு இங்கே நம்ம வண்ணார்பேட்டையில் குளோபாஸ்னெக் கடை போட வருகிறீர்களாமே. செக் நாட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள் உண்டாக்கிய பலகாரமாம், லேசாக இனிக்கிற பன்னுக்குள் சாசேஜ் என்கிற நீளமான கறிக் குழலை வைத்து மூடிச் சுடுவதாம். மாப்பிள்ளை, அவர்கள் பிழைக்கப் போன இடத்தில் சுட்டார்கள். நீங்கள் பிழைக்கிற இடத்தை விட்டுவிட்டு வந்து சுடுகிறேன் என்கிறீர்கள். "மக டெக்சாஸ்ல இருக்கா" என்று சொல்லிச் சொல்லியே சபையில் முன் பெஞ்சைப் பிடித்தவன் நான். இனி எந்த முகத்தோடு அதில் உட்காருவேன்?

சரி, ஊர் நாக்கு என்ன சொல்லுதுன்னு பார்த்திருவோம் என்று டார்லின் அனுப்பிய செய்முறைப்படி உங்கள் அத்தை சாரம்மாள் மாவு பிசைந்து சாசேஜைச் சுருட்டித் தர, மாரிராஜ் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்து ஆண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் டீயோடு பரிமாறினேன். அங்கதான் வந்தது வினை. வெளியே பார்த்தால் அது வெறும் பன். பன்னைக் கண்டால் நம்ம ஆளுக என்ன செய்வாக? டீயில முக்குவாக. கோயில்பிள்ளை அண்ணாச்சி முக்கின முக்கில் சாசேஜ் நழுவி டம்ளருக்குள்ளே போய்விட்டது. குடிக்கத் தூக்கியவர், "எலியேசரே, உள்ள என்னமோ நெளியுதுவே!" என்று டம்ளரை வீச, டீ செயலாளர் வேட்டியில் விழ, சாசேஜ் தரையில் உருள, யாரோ "பாம்பு!" என்று கத்த, பொருளாளர் ஆர்மோனியத்தின் மேல் ஏறி நிற்க, அது ஒரு பக்கம் ஓலமிட, சத்தம் கேட்டு விளக்குமாறோடு ஓடிவந்த சாரம்மாள் சாசேஜை அடி அடி என்று அடித்து, "செத்துட்டு, எல்லாரும் இறங்குங்க" என்றாள். காலையில் தன் கையால் சுருட்டினது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை!

ஆகவே மாப்பிள்ளை, இந்த ஊர் உங்கள் பலகாரத்துக்கு ஆகாது. டார்லினுக்கு நல்ல புத்தி சொல்லி அங்கேயே இருங்கள். சாரம்மாள் மாடி ரூமைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். அதை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கர்த்தர் உங்கள் வேலையையும், அதை விடாமல் பார்க்கிற புத்தியையும் காத்தருளட்டும்.

அன்புள்ள மாமா,
எலியேசர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் மாரிராஜ் பேக்கரியில் ஒரே கூட்டம். அவனாகவே இன்னொரு தட்டு சுட்டிருக்கிறான். கோயில்பிள்ளை அண்ணாச்சி முன்னால் நின்று, "டீல முக்கினதுதாம்வே தப்பு. சால்னால முக்கணும்" என்று மூன்றாவதை முக்கிக்கொண்டிருக்கிறார். அதோடு விட்டாரா? "உம்ம மக எங்க வரப்போறா? டெக்சாஸ் போன பிள்ளைக்கு அப்பன் ஞாபகமா இருக்கும்?" என்றார். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "ஏன் வர மாட்டா? கிறிஸ்துமஸுக்கு வந்து இங்கனயே கடை போடுதா, பாரும்வே!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். சொன்னது சொன்னதுதான். வராவிட்டால் முன் பெஞ்ச் போச்சு. மேலே எழுதியதை டார்லினிடம் காட்ட வேண்டாம். மாடி ரூமில் ஃபேன் சத்தம் போட்டது, அவளுக்குத் தூக்கம் வராதே என்று புதுசு மாட்டியிருக்கிறேன்.