லாபநட்டத்தாருக்கு வந்த மாற்றாள்

மலாயாவின் ஈப்போவில் அன்றைக்கு இருந்த அத்தனை வட்டிக்கடைகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், லாபநட்டத்தாரைப் போல உண்மை பேசுகிற ஒரு மனுஷர் கிடைத்திருக்க மாட்டார். வட்டிக்கடையில் உண்மைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர் குடி கெட்டதே அதனால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. எங்கள் செட்டியார் கிட்டங்கி நீளமான ஒரே கூடம். பகலில் அதுதான் கடை, இரவில் அதுவே படுக்கை. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். கப்பலேறி வந்தால் மூன்று வருஷம். பெண்டாட்டி பிள்ளையை அழைத்து வரக் கூடாது. மூன்று வருஷம் முடிந்தாலும், ஊரிலிருந்து மாற்றாள் வந்து உட்கார்ந்தால்தான் நாம் எழுந்திருக்கலாம். சிறைச்சாலை பக்கத்து ஊரான பத்து காஜாவில் இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

லாபநட்டத்தார் எனக்கு அடுத்த பாய். மனைவி முழுகாமல் இருக்கும்போது கப்பலேறியவர். பிறந்தது பெண் என்று தெரியும், முகம் தெரியாது. பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"சோறு கடைச் செலவு. வண்ணான் கடைச் செலவு. காய்ச்சல் வந்தா வைத்தியரும் கடைச் செலவு. இதெல்லாம் லாபம். நட்டம் என்னன்னு கேளுங்க."

"கேக்கலைண்ணே. ரசம் ஆறுது."

"பெத்த பிள்ளை கறுப்பா செவப்பான்னு தெரியாம, இங்க உக்காந்து ரசம் குடிக்கிறோமே, அது நட்டம்!"

எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிடும். கடைப் பொறுப்பில் இருந்த மேலாள் மட்டும் மோர் கேட்பார்.

மூன்று வருஷம் முடிந்து, முதல் மாற்றாள் வந்தான். லாபநட்டத்தாரே ஸ்டேஷனுக்குப் போய் அவன் பெட்டியைத் தூக்கி வந்தார். ரிக்ஷாவில் அவன், "வேலை எப்படிண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தான். கிட்டங்கி வாசலில் இறங்கும்போதே அவன் கண் கலங்கியிருந்தது. அடுத்த கப்பலில் போய்விட்டான். இரண்டாமவன் நெஞ்சழுத்தக்காரன். முதல் பந்தி வரை தாங்கினான்.

மேலாள் குதித்தார். "ஏன்யா, ஊருக்குப் போகணுமா வேண்டாமா?"

"கேட்டான், சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீகளா?"

மூன்றாமவன் வருவதற்குள் நாங்கள் அவருக்குப் பாடம் நடத்தினோம்.

"எப்படின்னு கேட்டா?"

"சோறு கடைச் செலவு. வண்ணான் கடைச் செலவு."

"அதோட நிறுத்திக்கணும்."

"நிறுத்தினா நெஞ்சை அடைக்குது தம்பி."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடை பாய்தான், அந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு வழி சொன்னார். "வாய் நெறைய வெத்தலையப் போட்டு அடக்கிக்குங்கலா, செட்டியாரே. பேச வராது."

அப்படியே செய்தார். புதியவன் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார். வெற்றிலை தீர்ந்துபோனால் கொல்லைக்குப் போய் நின்றுகொள்வார். ஒரு வாரம் இப்படி ஒப்பேற்றிவிட்டோம்.

லாபநட்டத்தார் புறப்படும் நாளன்று வழியனுப்ப எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் நகரும் நேரத்தில் புதியவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, நல்ல எடமாத்தான் வந்து சேந்திருக்கேன். ஊர்ல வீட்டுக்காரி முழுகாம இருக்கா. ஒரு கொறையும் இல்ல."

லாபநட்டத்தார் முகம் கோணியது. ரயில் ஜன்னல் வழியே வெற்றிலையை அப்படியே துப்பினார். மேலாளின் வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு.

"தம்பி! பிள்ளை பொறக்கிறதுக்குள்ள ஓடிப் போயிரு! ஓடு!"

அன்றைக்கு அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். இழுத்து என்ன பிரயோசனம்? மாதம் முடிவதற்குள் கம்பி நீட்டிவிட்டான்.

சில மாதம் கழித்து, யார் வருகிறார் என்று சொல்லாமலே மேலாள் என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ரயிலிலிருந்து இறங்கியவர் லாபநட்டத்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பிள்ளையைப் பாத்தீகளாண்ணே?"

"பாத்தேன். 'இவுக யாரு ஆத்தா?'ன்னு கேட்டுச்சு. கிட்டவே வரலை. பழகிப் பழகி, மடியில வந்து உக்காந்துச்சு தம்பி. அந்த வாரந்தான் முதலாளி கூப்பிட்டுவிட்டாக. ஈப்போவுல எடம் காலியாக் கெடக்காம்."

அந்த முதலாளி நாசமாய்ப் போக என்று வாய்விட்டே வைதேன். அவர் வந்திருக்கவே கூடாது. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அன்று பந்தியில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான், அவர் போன நாளிலிருந்து இறங்காத சோறு எனக்கு இறங்கியது.